கேஸ் ஆனா ஆகட்டும், ஆளைத் தூக்குங்க!

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெத்தியில இருக்கிற கட்டைப் பார்த்துட்டு காலையிலிருந்து எல்லாரும் விசாரிக்கிறீங்க. "அண்ணே, யாருண்ணே அடிச்சது?"ன்னு ஒரு தம்பி சட்டைக் கையை மடிச்சிக்கிட்டே கேட்டான். யாரும் அடிக்கலப்பா. சைக்கிள்ல இருந்து விழுந்தேன். (சிரிப்பு)

சர்க்கரை ஏறிப்போச்சு, தினமும் சைக்கிள் மிதிங்கன்னு டாக்டர் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போற ரோட்டுல போய்க்கிட்டிருந்தேன். ரோட்டு வேலைக்குக் கொட்டின ஜல்லியை ஓரத்துல அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. எதிர்ல வந்த லாரி வெளிச்சம் கண்ணைக் கூச, ஜல்லியில ஏறி, தலைகுப்புற விழுந்தேன். நெத்தி கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது. இடது கையை ஊன்ற முடியல.

பக்கத்துல ஒரு டீக்கடை. நாலஞ்சு பேர் ஓடி வந்தாங்க. வந்தவங்க ரெண்டடி தள்ளி நின்னுட்டாங்க. "கை வைக்காதே மாப்ள, போலீஸ் கேஸ் ஆயிடும்"னு ஒரு குரல் காதுல விழுது. அவங்களை நான் குத்தம் சொல்லல. ஏன்னு பின்னால சொல்றேன்.

அப்பத்தான் அந்த அம்மா வந்தாங்க. அறுபது வயசு இருக்கும். நடவுக்குப் போறவங்க. சைக்கிள்ல வந்தாங்க, அதுவும் பார் வச்ச ஆம்பளை சைக்கிள்! இறங்கினதும் தலையில கட்டியிருந்த துண்டை உருவி நாலா மடிச்சு என் நெத்தியில வச்சு அழுத்தினாங்க. "கேஸ் ஆனா ஆகட்டும், முதல்ல ஆளைத் தூக்குங்கய்யா"ன்னு ஒரு அதட்டல். தள்ளி நின்னவங்க எல்லாம் வந்து தூக்கினாங்க. கடைக்காரர் சோடா உடைச்சார். (பலமா அடிபட்டவங்களுக்கு, மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு தண்ணியோ சோடாவோ குடிக்கக் கொடுக்கக் கூடாதாம். நர்ஸ் அம்மா என்னைத் திட்டினதுல தெரிஞ்சுக்கிட்டேன். நீங்களும் மனசுல வச்சுக்குங்க.)

ஹேண்டில்பார் கோணிப்போய்க் கிடந்த என் சைக்கிளை அந்த அம்மா நிமிர்த்தினாங்க. முன்சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஒரே திருப்பு. நேராயிடுச்சு. அந்த வலியிலயும் "எங்கம்மா கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டேன். "அறிவொளியிலய்யா. நான் விழாத விழுகையா!"ன்னாங்க.

இளைய தோழர்களுக்கு இது தெரியாம இருக்கலாம். 1991-92-ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்போ, எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக்கொடுத்தாங்க. ஷீலா ராணி சுங்கத் அப்போ கலெக்டர். வயல்ல வேலை செய்றவங்க, கல்குவாரியில கல் உடைக்கிறவங்கன்னு பல்லாயிரம் பெண்கள் கேலியையும் கிண்டலையும் தாண்டி ஓட்டக் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் போதாம ஆம்பளை சைக்கிளையே வாங்கினவங்க உண்டு. முன் பார்ல பிள்ளையை உட்கார வைக்கலாமேன்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. அத்தனை பேரும் விழுந்து எழுந்தவங்கதான். விழுந்தவனைப் பார்த்து அந்த அம்மா ஏன் யோசிக்கலைன்னு எனக்கு அப்போ புரிஞ்சது.

தக்காளி ஏத்திக்கிட்டு வந்த குட்டியானையை அவங்கதான் கைகாட்டி நிறுத்தினாங்க. மார்க்கெட்டுக்கு நேரமாகுதுன்னு அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லல. ஆஸ்பத்திரியில இறக்கி, ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டு வந்தான். "கூட வந்தது யாரு, பேரென்ன?"ன்னு கேட்டதும் முகம் மாறிடுச்சு. திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். நெத்தியில ஏழு தையல், கையில மாவுக்கட்டு. என்னைக் காப்பாத்தினவன் திருடன் மாதிரி பயந்து ஓடியிருக்கான்.

அவன் ஓடவே வேண்டியதில்ல தோழர்களே. விபத்துல அடிபட்டவங்களுக்கு உதவுறவங்களைப் பாதுகாக்கிற வழிகாட்டு நெறிகளை நாடு முழுக்கக் கட்டாயமாக்கி 2016 மார்ச் 30-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏ-ன்னு தனிப் பிரிவு சேர்த்தாச்சு. நல்லெண்ணத்தோட உதவப் போய், கைத்தவறுதலா காயம் பெரிசானாலும், உயிரே போனாலும், உதவினவங்க மேல சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. பேரைச் சொல்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரி செலவை அவங்க தலையில கட்டக் கூடாது.

இதெல்லாம் எனக்குப் புதுசா தெரிஞ்சதில்ல. தீர்ப்பு வந்தப்பவே படிச்சவன். மேடையில பேசியும் இருக்கேன். கைதட்டும் வாங்கியிருக்கேன்.

2018-ல ஒரு ராத்திரி. கூட்டம் முடிச்சுட்டு கார்ல அஞ்சு பேர் வர்றோம். ரோட்டோரம் பைக் கவிழ்ந்து கிடக்கு, பக்கத்துல ஒரு ஆள். வண்டியை மெதுவாக்கினோம். "கொடி கட்டின வண்டிண்ணே, நம்ம மேலயே திருப்பிடுவாங்க"ன்னு உள்ள இருந்து ஒரு குரல். நான் மறுத்துப் பேசல. 108-க்கு போன் பண்ணேன். பண்ணிட்டோமேன்னு மனசைத் தேத்திக்கிட்டு கிளம்பிட்டோம். இறங்கி, ஒரு துண்டை மடிச்சு அழுத்தியிருக்கலாம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆள் பிழைச்சாரா, யார் பிள்ளை, எந்த ஊர், எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சட்டம் தெரிஞ்ச நான் காருக்குள்ள உட்கார்ந்திருந்தேன். சட்டம்னா என்னன்னே தெரியாத அந்த அம்மா ரோட்டுல மண்டிபோட்டு உட்கார்ந்தாங்க. டீக்கடையில தள்ளி நின்னவங்களை நான் எந்த வாயால குத்தம் சொல்ல?

ஞாயித்துக்கிழமை அந்த டீக்கடைக்குப் போனேன். அந்த அம்மா எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. நடவு சீசனுக்கு வந்தவங்கன்னு மட்டும் சொன்னாங்க. 134ஏ பத்தி கடைக்காரர்கிட்ட சொன்னேன். "நிஜமாவா சார், எழுதிக் கொடுங்க, கடையில ஒட்டுறேன்"னார்.

துண்டறிக்கை அச்சாகி வந்திருக்கு. வாசல்ல மேசையில இருக்கு. ஆளுக்கு ஐம்பது எடுத்துக்குங்க. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஞ்சர் கடைன்னு கொண்டுபோய் ஒட்டுங்க. அறந்தாங்கி ரோட்டுப் பக்கம் மட்டும் எனக்கு விட்டுடுங்க, நானே போறேன். துவைச்சு மடிச்ச துண்டு ஒண்ணு என் பையில இருக்கு.