மரணப் பதிவும் திதி வெண்பாவும்

பாட்டனார் பெயரில் நிற்கும் முதுசக் காணியைப் பேரப்பிள்ளைகள் பிரித்துக்கொள்ள முற்படும்பொழுதுதான், யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் நினைவு முதன்முதலாக எழுகின்றது. நொத்தாரிசு பழைய உறுதியை வாசித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பெரியவர் இறந்த பத்திரம் எங்கே?" என்று கேட்கின்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். பெரியவர் இறந்தது ஊருக்கே தெரியும். எட்டுச் செலவு நடந்தது. அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய் வந்தார்கள். ஆண்டுதோறும் திவசமும் தவறாது நடைபெறுகின்றது. ஆயினும், அவர் இறந்தார் என்பதற்கு எழுத்திலே ஒரு சான்று கையில் இல்லை. காணி மாத்திரமன்று, கைம்பெண்ணின் ஓய்வூதியமும், வங்கிப் புத்தகத்திற் கிடக்கும் பணமும், காப்புறுதியும் அந்த ஒரு கடதாசிக்காகக் காத்து நிற்கும்.

இலங்கையில் இறப்புக்களைச் சட்டப்படி பதியும் முறை 1867ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று நடைமுறையிலுள்ளது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். வீட்டில் நிகழ்ந்த மரணத்தை உறவினர் ஐந்து நாட்களுக்குள் அப்பிரிவுப் பதிவாளருக்கு அறிவித்தல் வேண்டும். கிராம அலுவலரின் அறிக்கை அதற்குத் துணையாகும். 1963ஆம் ஆண்டுவரை இவ்வேலையை விதானையார் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இறந்தால் வைத்தியரின் கூற்றும், விபத்தினாலோ திடீரென்றோ இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் முடிவும் வேண்டும். பதியும்பொழுதே அறிவிப்பவர் கையில் ஒரு பிரதி கொடுக்கப்படுகின்றது. அதனை எங்கே வைத்தோம் என்பதைத்தான் வீட்டார் மறந்துவிடுகின்றனர். சிலர் இறப்பிலே செருகிவைத்தனர், கறையான் தின்றது. சிலர் பெட்டகத்தில் வைத்தனர். இடம்பெயர்ந்தபொழுது பெட்டகத்தோடு அதுவும் போயிற்று.

கடதாசி தொலைந்தமையால் பதிவு தொலைந்துவிடாது. பிரதேச செயலகத்திலுள்ள பதிவகத்தில் விண்ணப்பித்து, உறுதிப்படுத்திய பிரதியொன்றைப் பெறலாம். ஆனால், எந்தப் பிரதேச செயலகம்? பலரும் வழிதவறுவது இங்கேதான். மரணம் பதியப்படுவது இறந்தவர் வாழ்ந்த ஊரிலன்று. உயிர் பிரிந்த இடத்தில். நெடுந்தீவிற் பிறந்து, நெடுந்தீவிலே வாழ்ந்து, நெடுந்தீவுச் சுடலையில் எரிக்கப்பட்டவராயினும், அவர் மகரகமை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு மகரகமையிலேதான் இருக்கும். மலாயாவில் உத்தியோகம் பார்க்கப் போய் அங்கேயே கண்மூடியவருக்கு, நெடுந்தீவிலும் தேடிப் பயனில்லை, கொழும்பிலும் தேடிப் பயனில்லை. மலேசியப் பதிவகத்தையே நாடவேண்டும். பிற்காலப் பதிவுகள் பல கணினியில் ஏற்றப்பட்டுள்ளபடியால், அவற்றின் பிரதிகளை இப்பொழுது தூர இடத்துக்குப் போகாமலே பெற வழியுண்டு. பழைய பதிவுகளுக்கு அந்த வசதியை எதிர்பார்த்தலாகாது.

இடம் தெரிந்தபின் நாள் தெரிதல் வேண்டும். பதிவிலக்கமும் பதிந்த திகதியும் தெரியுமாயின் வேலை இலேசு. அவை தெரியாவிட்டால், இத்தனையாம் ஆண்டிலிருந்து இத்தனையாம் ஆண்டுவரை என்று எல்லை குறித்துத் தேடும்படி விண்ணப்பிக்கவேண்டும். எல்லை விரிய விரியக் கட்டணமும் கூடும், காத்திருப்பும் கூடும். இந்த இடத்தில் வீட்டுக் கிழவிமாரைக் கேட்டால், "ஐயா செத்தது சூறாவளி அடித்த வருடம்" என்றோ, "மூத்தவள் சாமத்தியப்பட்ட அடுத்த வருடம்" என்றோ கூறுவர். இவ்வாறு கூறுவதை இகழ்தல் தகாது. அதுவும் ஒரு கணக்கே. ஆயினும், அதனினும் நுண்ணிய கணக்கொன்று அவ்வீட்டு அலுமாரியிலேயே கிடக்கக்கூடும்.

அந்தியேட்டியன்று வந்தோருக்கு வழங்கும் நினைவுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். அதிலே தேவாரமும், ஒப்பாரியும், வம்சாவளியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னே திதி வெண்பா இருக்கும். இறந்த ஆண்டின் பெயர், மாதம், பக்கம், திதி ஆகிய நான்கையும் நான்கடியில் அடக்கிவிடும் அவ்வெண்பாவைப் பலர் படியாமலே தாளைப் புரட்டிவிடுகின்றனர். மரணப் பதிவைத் தேடுவோனுக்கு அதனைப்போல உதவுவது பிறிதொன்றில்லை.

மன்மத வருடம் ஆனி மாதம் அமாவாசைத் திதியில் ஒருவர் சிவபதம் அடைந்தார் என்று ஒரு வெண்பா கூறுவதாக வைத்துக்கொள்ளலாம். தமிழ் வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீண்டு வருவன. மன்மத வருடம் 1895ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் பிறந்தது. எந்த மன்மத வருடம் என்பதைப் பேரப்பிள்ளைகளின் வயதே காட்டிவிடும். அது 1955 எனின், அவ்வருடத்து ஆனி அமாவாசை யூன் மாதம் 20ஆம் திகதி. இலங்கையிற் பூரண சூரிய கிரகணம் காணப்பட்ட நாளும் அதுவே. பழைய பஞ்சாங்கம் இருந்தால் எந்த நாளையும் இவ்வாறு கண்டுகொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். திதி நள்ளிரவிற் பிறந்து நள்ளிரவில் முடிவதன்று. மேற்சொன்ன அமாவாசை 19ஆம் திகதியே பிறந்து, 20ஆம் திகதி முற்பகலில் முடிந்தது. ஆகவே பதிவேட்டில் இவ்விரண்டில் எதுவும் இருக்கலாம். மேலும், சாமத்துக்குப் பின் இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால், வீட்டார் அதனை முதல்நாள் இரவு என்றே சொல்வர். பதிவாளர் மறுநாட் திகதியையே எழுதுவார். விண்ணப்பத்தில் ஒரு நாளை மாத்திரம் எழுதிவிட்டு, "பதிவில்லை" என்ற மறுமொழியோடு மனமுடைந்து திரும்புவோர், முன்னும் பின்னும் சில நாட்களைச் சேர்த்துத் தேடுவித்தல் நன்று. பதிந்த நாள் வேறு, இறந்த நாள் வேறு என்பதையும் மறத்தலாகாது.

பெயரினாலும் இடர் வரும். ஊரிலே சின்னத்தம்பியார் என்று எல்லோரும் அழைத்தவர் பதிவேட்டில் வேலுப்பிள்ளையாக இருப்பார். தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதும் வழக்கத்தை அறியாத எழுதுவினைஞர் இரண்டையும் மாற்றியிருப்பார். தென்னிலங்கையிற் பதிந்த பெயர் சிங்கள எழுத்திற் புகுந்து வேறொலி பெற்றிருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் ஐவர் இருப்பின், தாய் தந்தையர் பெயரும், வயதும், தொழிலும், அறிவித்தவர் பெயருமே ஆளை இன்னாரென்று காட்டும். பிழை காணப்பட்டால், சத்தியக்கடதாசியும் வேறு சான்றுகளும் கொடுத்துத் திருத்துவிக்கலாம். பிரதியைக் கையில் வாங்கியவுடன், பதிவகத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தல் பின்னர் பல நடைகளை மிச்சப்படுத்தும்.

பதிவே செய்யப்படாத மரணங்களும் உண்டு. அவற்றைக் காலங்கடந்து பதிவதற்குச் சட்டத்தில் இடமிருக்கின்றது. பதிவேடே அழிந்துபோன இடங்களில், முன்னர் பெற்ற பழைய பிரதி எவரிடமாவது இருப்பின் அது பொன்னினும் பெறுமதியானது. உறவினர் வீடுகளிலும், பழைய வழக்குக் கோவைகளிலும், ஓய்வூதியக் கோவைகளிலும் அதனைத் தேடவேண்டும்.

இவை யாவும் இறந்த நாளும் இடமும் உடையோருக்கு. அவ்விரண்டும் இல்லாதோர் இந்நாட்டிற் பலர். போரினாலோ இயற்கை அனர்த்தத்தினாலோ காணாமற்போய், ஓராண்டுக்கு மேலாக யாதொரு செய்தியும் இல்லாதவரின் மரணத்தைப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அப்பத்திரத்தை வாங்கக் கை நீட்டாத தாய்மார் எண்ணற்றோர். வாங்கினால், மகன் இறந்தான் என்று தாமே ஒப்பமிட்டதாகும் என்பது அவர்கள் கருத்து. அதன்பின் 2016ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று கூறாது, காணக்கிடைக்கவில்லை என்று மாத்திரம் கூறும் சான்றிதழொன்றும் ஏற்படுத்தப்பட்டது. அதனைக்கொண்டு காணாமற்போனவரின் சொத்துக் காரியங்களையும் பிள்ளைகளின் காரியங்களையும் குடும்பத்தார் பார்த்துக்கொள்ளலாம். மரணப் பதிவை வேண்டாத வீடுகளில் அந்தியேட்டி நடந்ததில்லை, கல்வெட்டு அச்சிட்டதில்லை, திதி வெண்பாவும் எழுதுவிக்கவில்லை.