லிண்டன் ஜான்சனிடம் நாம் பட்ட கடன்



நாம் அமெரிக்காவில் இப்படிக் கூடியிருக்க வழிவிட்ட ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1965 அக்டோபர் 3 அன்று, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் அடியில், அதிபர் லிண்டன் ஜான்சன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு இந்தியருக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்தான். பிறந்த நாட்டை வைத்து ஆளை எடைபோட்ட அந்த முறைக்கு இந்தச் சட்டம் முடிவு கட்டியது. நம் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பத்தோடு வந்து வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

இளம் வயதில் டெக்சஸின் கொட்டூலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியபோது, பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைத்தான் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. முதியோருக்கு மெடிகேர் வந்தது.

அதே ஆண்டில்தான் வியட்நாமுக்குத் தரைப்படையையும் அனுப்பினார்.

அதற்கு வழி திறந்தது முந்தைய ஆண்டு. 1964 ஆகஸ்ட் 4 அன்று, வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையாகத் தாக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லை. அதை நம்பி செனட்டில் 88 பேர் ஜான்சனுக்குப் போரிட அதிகாரம் கொடுத்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டே பேர். 1968இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வியட்நாமில் இருந்தார்கள். அந்தப் போர் முடிவதற்குள் மடிந்த வியட்நாமியர் லட்சக்கணக்கானோர்.

என்னால் தாங்க முடியாதது இதுதான்: அவருக்குத் தெரிந்திருந்தது. 1964 மே மாதமே, ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில் பேசும்போது, வியட்நாம் போரிடத் தகுந்த இடமல்ல, வெளியேறவும் வழி தெரியவில்லை என்ற பொருளில் புலம்பியிருக்கிறார். தன்னிடம் வேலை பார்த்த, ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒரு சார்ஜண்டைச் சொல்லி, இவரை எதற்காக அங்கே அனுப்பப்போகிறேன் என்று கேட்டிருக்கிறார். ஒலிநாடாவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மறு ஆண்டே, அப்படிப்பட்ட தகப்பன்மாரையும் மீசை முளைக்காத பையன்களையும் அனுப்பினார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஜான்சனை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நன்றிக்காக வியட்நாம் தாய்மாரின் கண்ணீரை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்டினில் ஜான்சன் பெயரில் அதிபர் நூலகம் இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். சட்டங்களின் கதையோடு அந்தத் தொலைபேசி உரையாடலையும் அவர்கள் முழுதாகக் கேட்கட்டும்.