அந்த வீட்டின் இன்னொரு பிள்ளை



வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று இருந்தால் ஊரெல்லாம் அதன் அம்மாவைப் பற்றிப் பேசும். கூடவே வளரும் அண்ணனையோ தங்கையையோ கேட்பார் இல்லை. நான் ஆட்டிசம் உள்ள ஒருவனுக்கு அக்கா.

தம்பிக்குக் குக்கர் விசில் ஆகாது. குக்கரை அடுப்பில் ஏற்றினாலே காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். விசில் அடங்கும்வரை திண்ணையில் அவனோடு உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு. கல்யாண வீடுகளில் கெட்டிமேளத்துக்கு முன்பே அவனை வெளியே கூட்டிப்போய்விடுவேன். தாலி கட்டுவதை நான் பார்த்த கல்யாணங்கள் குறைவு. அதே பையன் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வண்டி எப்போது வரும் என்பதை டைம் கீப்பருக்கே சொல்லுவான்!

பேச்சு வரத் தாமதமானபோது, நாக்கில் வசம்பு தடவச் சொன்னார்கள். அது போகட்டும். வளர்ப்பு சரியில்லை என்றார்களே, அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. படித்தவர்களும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் அமெரிக்காவில் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று அங்கே மருத்துவர்களே பழி சொன்னார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு, வளர்ப்புக்கு இல்லை என்பது இன்று தெளிவாகிவிட்டது.

என் காய்ச்சலும் என் மார்க்கும் அவன் தூங்கிய பிறகுதான் வீட்டில் பேச்சுக்கு வரும். அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. “எங்களுக்கப்புறம் நீதான்டி அவனைப் பாத்துக்கணும்” என்று பள்ளிக்கூட வயதிலேயே சொன்னார்கள் பாருங்கள், அதுதான் கனத்தது. சின்னப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு யார் காப்பாளர் என்பதை முடிவுசெய்ய நம் நாட்டில் சட்டமே இருக்கிறது: 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது; பலருக்கு இது தெரிவதில்லை. மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்து, யார் காப்பாளர் என்று பெயர் சொல்லலாம்.

தம்பிக்கு இன்று நான்தான் காப்பாளர். மனசார ஒப்புக்கொண்டேன். ஆனாலும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த விண்ணப்பத்தில் இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதுமுன், உட்காரவைத்து விருப்பம் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தாலும் கோபப்படாதீர்கள்.