சுவரும் மெருகோடும்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே ஒரு வீடு எழும்பும்போது இறுதியாக நிறைவுறுவது பெரும்பாலும் குசினியே. விறாந்தைக்கும் வாயிற்கதவுக்கும் செலவிட்டு எஞ்சிய பணமே அடுக்களைக்கு வந்து சேர்கின்றது. ஆயினும் நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் உப்பையும் ஒருங்கே தாங்கவேண்டிய அறை அது ஒன்றுதான். வீட்டுத் தலைவியின் பகற்பொழுதில் பெரும்பகுதி கழிவதும் அங்கேதான். ஆதலின், அவ்வறையின் சுவருக்கு எதைப் பதிப்பது, எவ்வாறு பதிப்பது, எவ்வாறு பேணுவது என்பன சிறிய வினாக்கள் அல்ல. சேமித்த பணத்தைக் கொட்டிப் பதித்த ஓடுகள் இரண்டே மழைக்காலங்களில் பொருமி விழுந்த குசினிகள் கடலோர ஊர்கள் பலவற்றில் உண்டு. ஓடு கெட்டது என்று கடைக்காரரையும், வேலை கெட்டது என்று மேசனையும் மக்கள் நொந்துகொள்வர். உண்மையில் பெரும்பாலும் கெட்டிருந்தது ஓட்டின் பின்னால் இருந்த சுவரே.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. மெருகிட்ட சுவரோட்டைக் கடைகளில் ‘டைல்’ என்பர். பேச்சு வழக்கில் ‘மாபிள்’ என்போரும் பலர். மாபிள் என்பது நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் சலவைக்கல். தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் பட்டாலே அதன் பளபளப்பு அழிந்துவிடும். சுவரோடோ களிமண்ணால் ஆனது. மேலே கண்ணாடி போன்ற மெருகு ஏற்றி, ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்பெற்றது. அந்த மெருகு புளிக்கும் எண்ணெய்க்கும் எளிதில் இடங்கொடாது. பெயர் மயக்கத்தால் ஒன்றுக்குரிய பராமரிப்பை மற்றொன்றுக்குச் செய்வோர் உளர்.

சுவருக்கு மெருகோடு பதிக்கும் வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டில் சக்காரா என்னுமிடத்தில், மன்னன் சோசரின் படிக்கூம்பகத்துக்குக் கீழே உள்ள அறைகளில், ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் பதித்த நீலப்பச்சை ஓடுகள் கண்டெடுக்கப்பட்டன. குசினியோடு நெருங்கிய உறவுள்ள கதை ஒல்லாந்தருடையது. 1639 இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர், தம் தாயகத்திலே டெல்ஃப்ட் முதலிய நகரங்களில் வெள்ளை மெருகின்மேல் நீலச் சித்திரம் தீட்டிய ஓடுகளைச் செய்தனர். தாழ்ந்த, ஈரமான நாடு அவர்களுடையது. வெள்ளையடித்த சுவரின் அடிப்பாகம் ஈரத்தாலும் தரை கழுவும் நீராலும் கெடாதிருக்க அவ்வோடுகளை வரிசையாகப் பதித்தனர். அடுப்பங்கரைச் சுவரிலும் பதித்தனர். அழகு பின்னர் வந்தது. ஈரத்திலிருந்து சுவரைக் காப்பதே முதல் நோக்கம். அந்நோக்கம் இன்றும் மாறவில்லை.

டெல்ஃப்ட் ஓட்டின் வெண்மை வெள்ளீய ஒட்சைட்டினால் வந்தது. வெள்ளீயம் விலையுயர்ந்தது. ஆகையால் இக்காலத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சிர்க்கோன் என்னும் கனியத்தை மாவாக அரைத்து மெருகிலே சேர்க்கின்றன. அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், கண்ணாடி போன்ற மெருகு பால்போல வெண்மை அடைந்து, உள்ளிருக்கும் மண்ணின் நிறத்தை மறைக்கின்றது. அந்தச் சிர்க்கோன் திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூத்தைல் என்பவற்றோடு கலந்து கிடக்கின்றது. அம்மணலைப் பிரித்தெடுப்பதற்கென்றே 1957 இல் அரசாங்கம் ஒரு கனிய மணற் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. இந்நாட்டிலே சுவரோடு செய்தலும் வேரூன்றிய கைத்தொழில். லங்கா வோல்டைல்ஸ் நிறுவனம் 1975 இல் தொடங்கப்பெற்றது. மட்பாண்டக் கைத்தொழிலுக்கு வேண்டிய வெண்களி பொரலஸ்கமுவவிலும், பெல்சுபார் என்னும் கனியம் மாத்தளைப் பக்கத்திலும் கிடைக்கின்றன. ஓட்டைச் சுவரோடு பிணைக்கும் சீமெந்தை எடுத்துக்கொண்டாலும், 1982 இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை திருகோணமலைத் துறைமுகக் கரையிலேதான் இருக்கின்றது.

இவ்வாறு ஓட்டுக்கு வெண்மை தரவல்ல பொருளையே தன்னகத்துக் கொண்ட கடற்கரை மணல், சாந்திலே கலக்கப்படும்போது அதே ஓட்டுக்குப் பகையாகிவிடுகின்றது. காரணம் அதிலுள்ள உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீரிலே கரைந்து சுவரினுள் ஊர்ந்து செல்லும். நீர் ஆவியாகும் இடத்திலே மீண்டும் பளிங்காக உறையும்; உறையும்போது சுற்றியுள்ள சாந்தை நெருக்கித் தள்ளும். வெறுஞ்சுவரானால் பூச்சு பொரிந்து மாவாக உதிரும். ஓடு பதித்த சுவரிலோ மெருகின் ஊடாக ஈரம் வெளியேற முடியாது. ஓடுகளின் இடைவெளிகளே அதற்கு வழி. எனவே முதலில் அவ்விடைவெளிகளில் வெண்பொடி பூக்கும். பின்னர் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பிடிப்புத் தளரும். மழை ஒவ்வொரு முறையும் கரைக்க, வெயில் ஒவ்வொரு முறையும் உறையவைக்க, ஆண்டுதோறும் இது தொடரும்.

ஆதலின் சாந்துக்கு உவர்ப்பற்ற ஆற்றுமணலையே கொள்ளவேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவார மணலும், அதற்கு மேலேயுள்ள நன்னீர்ப் பகுதி மணலும் ஒன்றல்ல. மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டறிவது வீட்டுக்காரரின் உரிமை. ஐயமிருந்தால் நன்னீரிலே பலமுறை அலசிய பின்னரே பயன்படுத்தவேண்டும். சாந்து குழைக்கும் நீரும் அத்தகையதே. உவர்க்கிணற்று நீர் ஆகாது. மணலிற் சேறு உண்டா என்பதை அறிய, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே நீரும் இட்டுக் குலுக்கிச் சில மணிநேரம் வைத்துப் பார்க்கலாம். மணலின்மேல் தடித்த சேற்றுப் படை தங்குமானால் அது பூச்சுக்கு உதவாது.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை மூதூர், கிண்ணியா, குச்சவெளி முதலிய ஊர்களுட் புகுந்தது. கடல்நீர் வடிந்தாலும், ஊறிய சுவரில் உப்பு தங்கிவிடும். அத்தகைய பழைய சுவரின்மேல் நேரே ஓடு பதிப்பது நோயை மூடிவைப்பதாகும். பழைய பூச்சை முற்றாகக் கொத்தி அகற்றி, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, நன்னீரால் நனைத்தும் உலரவிட்டும் பலமுறை கழுவி, வெண்பொடி மீண்டும் பூக்கவில்லை என்று கண்ட பின்னரே புதிய பூச்சுப் பூசுதல் வேண்டும். சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்னும் பழமொழி இவ்விடத்துக்கே சொன்னதுபோல அமைந்துள்ளது.

இனி ஓட்டைத் தெரிவு செய்யும் முறையைக் காண்போம். சுவரோடும் தரையோடும் வேறு வேறு. சுவரோட்டின் உடல் நுண்துளைகள் நிறைந்தது. தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சும். போசலின் தரையோடோ நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சாது. ஓட்டின் முதுகில் ஒரு துளி நீர் விட்டால் வேறுபாடு விளங்கும்: சுவரோடு உடனே குடித்துவிடும், போசலினில் துளி அப்படியே நிற்கும். போசலினைச் சுவரில் பதிக்க விரும்புவோர் வெறுஞ் சீமெந்தை நம்பலாகாது; அது பிடிக்காது. அதற்கென ஆக்கப்பட்ட ஓட்டுப் பசையே வேண்டும்.

இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் பொருத்திப் பார்த்தால் வளைவு தெரியும். மெருகின்மேல் மையைத் தடவித் துடைத்தால், மயிரிழை வெடிப்புக்கள் இருப்பின் கோடுகளாகத் தெரியும். பெட்டிகள் அனைத்திலும் தொகுதி எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரே பெயருடைய ஓடு வேறு தொகுதியில் சிறிது மங்கலாகவோ பருமனாகவோ இருக்கக்கூடும். அடுப்புக்குப் பின்னால் மேடுபள்ளமான கோலங்கள் உடைய ஓடு வேண்டா. மீன் பொரிக்கும் எண்ணெய் அப்பள்ளங்களிலே தங்கி மஞ்சள் படியும்.

நாற்சுவரும் கூரை வரை ஓடு பதித்தல் செல்வச் சிறப்பாகக் கருதப்படுகின்றது, தேவை அதுவன்று. 10 அடிக்கு 8 அடியான ஒரு குசினியை எடுத்துக்கொள்க. இரு பக்கச் சுவர்களை ஒட்டிய சமையல் மேடையின் நீளம் 18 அடி. மேடைக்கு மேலே 2 அடி உயரம் பதித்தால் 36 சதுர அடி. அடுப்புக்குப் பின்னால் மட்டும் 5 அடி அகலத்துக்கு இன்னும் 2 அடி உயர்த்தினால் 10 சதுர அடி. ஆக 46 சதுர அடி. ஓர் ஓடு 1 அடிக்கு 2 அடியானால் 23 ஓடுகள். வெட்டுக்கும் உடைவுக்கும் பத்திலொரு பங்கு கூட்டி 26 ஓடுகள் போதும். நாற்சுவருக்கும் செலவிட இருந்த பணத்தின் ஒரு பகுதியை நல்ல மணலுக்கும் நல்ல மேசனின் கூலிக்கும் கொடுத்தால் பயன் மிகும்.

பதிக்கும் காலமும் கருதத்தக்கது. வாடைக் காற்றோடு மழை பொழியும் கார்த்திகை, மார்கழியில் சுவர் உலராது. கச்சான் வீசும் நடுக்கோடையிலோ பூச்சு விரைந்து காய்ந்து வெடிக்கும். ஆகவே ஒரு வாரம் வரை அதனை நனைத்துக் காக்கவேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் கலந்த பூச்சு, மூன்று நான்கு வாரங்கள் ஆறிய பின்னரே ஓடு ஏற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரையும் வர்ணம் பூசிய சுவரையும் கொத்திச் சொரசொரப்பாக்கவேண்டும். சுவரில் நீர் தெளித்தால் துளியாக உருண்டு வழியுமானால் அதில் ஓடு பிடிக்காது.

சீமெந்துச் சாந்தால் பதிப்பதானால் சுவரோட்டைக் குமிழி அடங்கும் வரை நீரில் ஊறவைத்து, முதுகு ஈரம் வடிந்தபின் பதிக்கவேண்டும். ஊறாத ஓடு சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். சீமெந்து இறுகாது பொடியாகும். ஓட்டுப் பசையால் பதிப்பதானால் ஊறவைத்தல் ஆகாது. பசையைப் பல்லுள்ள கரண்டியால் சுவர் முழுதும் இழுத்துப் பரப்பவேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்குவது வேலையை விரைவாக்கும். ஆனால் வெற்றிடம் விடும். அவ்வெற்றிடமே நீருக்குக் குளமும் கரப்பானுக்கு வீடும் ஆகும். ஆணி அடித்தால் ஓடு உடையும். பதித்து ஆறியபின் ஒரு நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி எழுப்புவதை உடனே கழற்றிப் பதிப்பித்தல் முறை.

முதல் வரிசை தொடங்குமுன் மட்டம் பார்த்து ஒரு நேரான சட்டத்தைச் சுவரில் அறைந்து, அதன்மேல் வரிசையை இருத்தவேண்டும்; மேடை மட்டமாக இருக்கும் என்று நம்பிவிடலாகாது. ஓடுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பதிக்கும்படி பலர் கேட்கின்றனர். வெயில் ஏறும் மேற்குச் சுவரும் அடுப்புச் சுவரும் வெப்பத்தால் விரியும்; இடமின்றேல் ஓடு எழும்பும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, ஒரு நாள் கழித்து அதற்குரிய கலவையால் நிரப்பவேண்டும். வெள்ளைக் கலவையில் மஞ்சட்கறை பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறம் குசினிக்கு ஏற்றது. மேடையும் சுவரும் சேரும் மூலையைச் சீமெந்தால் நிரப்பாமல், நெகிழும் சிலிக்கன் பசையால் மூடவேண்டும்.

ஓடு வெட்டும் தொழிலாளியையும் மறத்தல் தகாது. சுழலும் வாளால் உலர்ந்த ஓட்டை வெட்டும்போது எழும் தூளில் நுண்ணிய சிலிக்கா உண்டு. பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் இறுகும். அந்நோய்க்கு முழுக் குணம் இல்லை. வாளுக்கு நீர் விட்டு வெட்டினால் தூள் அடங்கும். திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் காக்கும் கவசத்துடன், நீர் விட்டு வெட்டும்படி வீட்டுக்காரர் வேண்டிக்கொள்ளலாம். ஒரு வாளி நீர் கொடுப்பது செலவன்று.

பராமரிப்பு எளிது. சமையல் முடிந்த சூட்டோடு, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தல் போதும். எண்ணெய் ஒரு வாரம் நின்று இறுகினால்தான் தேய்க்கும் தேவை வரும். சாம்பலும் மணலும் இரும்புத் தும்பும் மெருகைக் கீறும். கிணற்று நீர் விட்ட வெண்படிவுக்கு நீர் கலந்த வினாகிரியைச் சிறிது தடவி, உடனே கழுவலாம். மிகுந்தால் இடைவெளிக் கலவையை அரிக்கும். உப்பமிலம் ஊற்றிக் கழுவும் வழக்கத்தைக் கைவிடல் நன்று. அதனோடு வெளிற்றும் நீர்மம் கலந்தால் குளோரீன் வாயு எழும். மூடிய சிறு குசினியில் அது உயிருக்கே தீங்காகும். இடைவெளிகளில் வெண்பொடி கண்டால் நீர் ஊற்றாது உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று தேடவேண்டும். ஒழுகும் குழாயோ, மழைநீர் தேங்கும் வெளிச்சுவரோ காரணமாகலாம். எஞ்சிய ஓடுகளில் நான்கைந்தைப் பத்திரப்படுத்தி வைத்தால், பின்னொரு நாள் ஒன்று உடையும்போது சுவர் முழுதும் மாற்ற வேண்டியிராது.

கடைக்குச் செல்லுமுன் வீட்டுக்காரர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மழை நின்ற மறுநாள் குசினிச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கட்டும். கை ஈரமாகின்றதா, விரலில் வெண்பொடி ஒட்டுகின்றதா என்று கவனிக்கட்டும். இரண்டும் இல்லையெனில் நிறத்தையும் கோலத்தையும் விருப்பம்போல் தெரிந்துகொள்ளலாம். ஒன்று இருப்பினும், அந்த ஆண்டு ஓட்டுக்கென ஒதுக்கிய பணத்தைச் சுவரைச் செம்மை செய்யச் செலவிடுவதே அறிவுடைமை. ஓடு அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும்.