ஒட்டாத சாயம்

 

மொழியியலை வாழ்நாட் பணியாகக் கொண்ட நாம் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு சொல்லே நம்மை இங்கு இழுத்து வந்தது. அது 'சாயம்'.

நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. எஞ்சியது குருதிக்கு மீள்கிறது. இவ்வடிகட்டு வீதத்தை நேரடியாக அளப்பது எளிதன்று. ஆகவே, மருத்துவர்கள் குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவைக்கொண்டு அதனைக் கணிக்கின்றனர். கிரியேட்டினினோ தசையிலிருந்து பிறப்பது. தசை மெலிந்த முதியவரிடம் அதன் அளவு இயல்பாகவே குறைந்திருக்கும். சிறுநீரகத் திறன் வெகுவாகக் குன்றிய பின்னும் அவருடைய முடிவுகள் நலம் என்றே காட்டக்கூடும். நீரிழிவால் சிறுநீரகத்தை இழப்போர் மிகுந்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தாமதத்தின் விலை பெரிது.

இக்குறையைப் போக்க, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் ஒளியை நாடினர். பைரசின் என்னும் சேர்மத்தை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் உருவாக்கிய சாயம் ரெல்மபைரசின். அதனைக் குருதி நாளத்தில் செலுத்தி, தோலின்மேல் உணர்கருவி ஒன்றைப் பொருத்துவர். கருவி நீல ஒளியைப் பாய்ச்சும். சாயம் அதனை உட்கொண்டு வேறு நிற ஒளியை உமிழும். பாய்ச்சும் ஒளி நின்றவுடன் உமிழ்வும் நின்றுவிடுவதால், இதனை 'உடனொளிர்வு' என்பது மிகப் பொருத்தம். சிறுநீரகம் சாயத்தை வெளியேற்ற வெளியேற்ற அவ்வொளிர்வு மங்கும். மங்கும் விரைவைக்கொண்டு வடிகட்டு வீதத்தைக் கணிக்கலாம். திரும்பத் திரும்பக் குருதி எடுக்கவேண்டியதில்லை. 2025 சனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் வழக்கில் சாயம் என்பது துணியைப் பற்றிக்கொள்வது. வெளுத்துப்போவது அதற்கு இழுக்கு. இந்தச் சாயமோ எதனையும் பற்றலாகாது. குருதிப் புரதத்தோடு ஒட்டலாகாது. உடலில் சிதைந்து வேறொன்றாகலாகாது. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் அதனை மீண்டும் உறிஞ்சலாகாது. வடிகட்டியின் வழியே மட்டும் வெளியேறவேண்டும். அதனாலேயே அதனை நீரை விரும்பும் மூலக்கூறாக வேதியியலார் அமைத்தனர். வெளுத்துப்போவதே இதன் பெருமை.

'உடம்பில் சாயம் ஏற்றப்போகிறோம்' என்று கேட்கும் முதியவர் அஞ்சினால், குறை அவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. 'அது', 'இது' என்னும் சுட்டுப்பெயர்கள் பொருளைக் காட்டுமேயன்றி அதனை மாற்றுவதில்லை. இம்மருந்தின் பணியும் அதுவே. ஆதலின், இதனை 'ஒளிர்சுட்டி' எனலாம் என்பது நம் கருத்து. கணினிச் சுட்டியை நினைத்து மாணவர் நகைக்கலாம். அதுவும் காட்டும் பணியையே செய்கிறது.

மாணவர்களே, ஒரு பொருளுக்குப் பெயரிடுமுன் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். நாளை உங்கள் பாட்டியிடம் இச்சோதனையை விளக்கவேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம். அவர் புரிந்துகொண்டு தலையசைத்தால், அக்கலைச்சொல் தேறிவிட்டது.