பெரட்டுக்களத்தில் நிற்பவர் எவரானாலும் நம்மவரே
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் நமது மலையில் நடந்ததை எல்லோரும் அறிவோம். கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நம்மில் சிலர், "அவர்களை விரட்டினால்தான் நம் பேர் நிலைக்கும்" என்கிறோம். அதைத் தீர்மானிக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். அதற்கு முன் வேறொரு நாட்டுத் தோட்டச் சனங்களின் கதையைக் கொஞ்சம் கேட்போம்.

பிலிப்பைன்ஸ் நாட்டவரை இன்று நாம் அறிவோம். வளைகுடா வீடுகளில் நம் பெண்களோடு அவர்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் கடல் கடந்து கூலிக்குப் போன கதை நேற்றுத் தொடங்கியதல்ல. 1906 டிசம்பரில் 15 பேர் கப்பலில் ஹவாய்த் தீவுகளில் போய் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத் துரைமாரின் சங்கம் ஆள் பிடித்துக் கொண்டுபோன முதல் கூட்டம் அது. பின்னால் பல்லாயிரம் பேர் போனார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த தகட்டைக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்கவும் கடையில் கடன் சொல்லவும் அந்த எண்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் கணக்குப் புத்தகத்துக்குத் தேவைப்படவில்லை. சப்பானியருக்கு ஒரு குடியிருப்பு, பிலிப்பினோக்களுக்கு வேறொரு குடியிருப்பு. ஆளின் இனத்தைப் பார்த்துச் சம்பளத்திலும் வித்தியாசம். ஏன் தெரியுமா? ஒரு கூட்டம் வேலையை நிறுத்தினால் மற்றதை வைத்து வேலை வாங்கலாம். 1909இல் சப்பானியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பிலிப்பினோக்களை அதிகமாகக் கொண்டுவந்தார்கள்.

உரிமையைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. ஆகவே அவர்கள் அந்நியரல்லர் என்றார்கள். ஆனால் பிரஜைகளும் அல்லர் என்றார்கள். 1934இல் ஒரே சட்டத்தால் அந்நியராக்கி, ஆண்டுக்கு 50 பேர்தான் குடியேறலாம் என்றார்கள். ஹவாய்த் துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டால் மட்டும் விதிவிலக்கு! பிரஜையாகும் வழி 1946இல்தான் திறந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்ற இந்தச் சட்டத்தின் ருசியை 1948இல் நாமும் அறிந்தோம்.

அவர்கள் எப்படி நிமிர்ந்தார்கள்? முதலில் தோற்றார்கள். 1920இல் பிலிப்பினோக்களும் சப்பானியரும் தனித்தனிச் சங்கமாக வேலையை நிறுத்தினார்கள், வெல்ல முடியவில்லை. 1924இல் பிலிப்பினோக்கள் தனியாக நின்றார்கள். ஹனபேப்பே என்ற ஊரில் நடந்த மோதலில் தொழிலாளர் 16 பேரும் பொலிஸார் நால்வரும் மாண்டார்கள்.

1946இல் எல்லா இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். அதற்கு முன்பே துரைமார் பிலிப்பைன்ஸிலிருந்து புதிதாக 6,000 ஆண்களைக் கப்பலேற்றினார்கள். சங்கம் அவர்களை விரட்டவில்லை. கப்பலில் வேலை செய்த சங்கத்து ஆட்கள் நடுக்கடலிலேயே அவர்களிடம் பேசிச் சங்கத்தில் சேர்த்தார்கள். பிறகு 79 நாள் வேலைநிறுத்தம். சங்கம் வென்றது.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே பாடம்தான். 1965 செப்டம்பர் 8ஆம் திகதி, டெலேனோவில் பிலிப்பினோக்கள் மணிக்கு 1.40 டொலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். தலைவர் லாரி இட்லியோங், ஒரு கையில் மூன்று விரல்களை இழந்த தொழிலாளி. அவர்கள் இடத்தில் மெக்சிக்கோத் தொழிலாளரை இறக்கி வேலை வாங்கப் பார்த்தார்கள். இட்லியோங் மெக்சிக்கோத் தொழிலாளரின் தலைவர் சீசர் சாவேஸிடம் போய்ப் பேசினார். செப்டம்பர் 16ஆம் திகதி அவர்களும் சேர முடிவெடுத்தார்கள். அடுத்த வருடம் இரு சங்கமும் ஒன்றாயின. ஐந்து வருடம் போராடி, 1970இல் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள்.

அந்தப் பிலிப்பினோக்களில் பலர் குடும்பமில்லாமல் முதுமையடைந்தவர்கள். வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கச் சட்டம் விடவில்லை. தம் நாட்டுப் பெண்களோ அங்கே மிகக் குறைவு. அவர்களை இளையவர்கள் 'மனோங்' என்று அழைத்தார்கள். இலோக்கானோ மொழியில் அதற்கு அண்ணன் என்று பொருள். தகட்டு எண்ணால் அழைக்கப்பட்ட ஒரு தலைமுறை, அண்ணன் என்ற பெயரால் நிமிர்ந்தது. வேலையில்லாமல் போன அந்த அண்ணன்மார் தங்க, 1974இல் சங்கமே டெலேனோவில் வீடுகள் கட்டித் திறந்தது. மறியலில் நின்றபடியே உயிர்விட்ட பாவ்லோ அக்பயானியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

தோழர்களே, "நாம் எந்த ஊர்க்காரர்?" என்று வகுப்பில் பிள்ளைகள் நம்மைக் கேட்கிறார்கள். நாம் தரும் பதில் இதுதான்: யாரோடு சேர்ந்து வியர்வை சிந்துகிறோமோ, யாருக்காக எழுந்து நிற்கிறோமோ, அந்த ஊர்க்காரர் நாம். சொந்தப் பெயரையும் மொழியையும் விடாமலே அப்படி நிற்க முடியும். அந்த அண்ணன்மார் நின்று காட்டினார்கள்.

நமது யோசனை எளியது. நாளைக் காலை வெளியாட்கள் வரும்போது வழியை மறிக்க வேண்டாம். தேத்தண்ணி வேளையில் கமிட்டி அவர்களிடம் போகட்டும். ஒரு கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள், சேமலாப நிதி உண்டா என்று கேட்கட்டும். சிங்களம் பேசும் நம் பிள்ளைகளையும் கூட்டிப் போவோம். சந்தாப் புத்தகமும் கையில் இருக்கட்டும். அவர்களுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று கேட்போம். அவர்களை மலிவாகக் கிடைக்கும்படி விட்டால்தான் நம் பேருக்கு ஆபத்து.

யோசனையை ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.