இருதய அறுவைக்குப் பின் இல்லத்து மருத்துவம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்று வழி அமைக்கும் அறுவை நம் நாட்டில் முதன்முதலாக வெற்றி கண்டது 1975ஆம் ஆண்டில், சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அன்று அரிதாயிருந்த அச்சிகிச்சை இன்று தில்லிவாழ் தமிழ் முதியோர் பலருக்கும் நடந்தேறிவிட்டது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிளந்து கட்டிய மார்பெலும்பு நன்கு கூடுவதற்கோ 6 முதல் 12 வாரங்கள் வேண்டும். அவ்விடைக்காலத்தைப் பற்றியே பேச வந்தோம்.

தொலைபேசியிலும் காணொளியிலும் மருத்துவரைக் கலந்துகொள்வதற்கு மத்திய அரசு 2020 மார்ச்சில் நெறிமுறைகள் வகுத்தது. நேரில் பார்த்தே தீரவேண்டுமெனக் கருதினால் மருத்துவர் அழைக்கலாம் என்பதும் அதில் உண்டு. ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும் வேலை அறவே ஒழிந்தது என்று எவரும் எண்ண வேண்டா.

நாள்தோறும் காலையில், உண்ணுமுன், எடை பார்த்துக் குறித்து வைத்தல் நலம். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால், உடலில் நீர் தேங்குகிறதோ என ஐயுற்று அன்றே தெரிவித்தல் வேண்டும். விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவி, நம் தில்லிக் குளிரில் விறைத்த விரலுக்குப் பிழையாகக் கணக்குக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மாட்டுக. நகத்தில் மருதாணி இருந்தாலும் தவறு நேரலாம், பாட்டிமார் மன்னிப்பார்களாக. காணொளியில் மார்புப் புண்ணைக் காட்டுவோர் காலை மறந்துவிடுகிறார்கள். குழாய் எடுத்த காலிலும் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு தோன்றக்கூடும். சாளரத்தின் எதிரே, முகத்தில் வெளிச்சம் படுமாறு அமர்ந்து இரண்டையும் காட்டுக. மாத்திரைகளின் பெயரைச் சொல்வதினும் அட்டையையே காட்டுவது மேல்.

இவையனைத்தினும் பெரிய இடர் மொழியே. 'மார்பைப் பிசைகிறது' என்கிறார் அன்னை. மைந்தர் அதனை இந்தியில் 'சற்றுக் களைப்பு' என்று பெயர்த்து முடித்துவிடுகிறார். தாய்க்கோ பிள்ளைக்குத் தொல்லை தரலாகாதென்ற எண்ணம். பிள்ளைக்கோ அலுவலக நேரம். இருவர் அன்பினிடையே நோய் மறைந்துகொள்கிறது! 'படபடக்கிறது' என்பதும் சிறு சொல் அன்று. இவ்வறுவைக்குப் பின் நாடி தாளம் தப்புதல் மிகுதியும் காணப்படுவது. கவனியாது விட்டால் இருதயத்தில் உறைந்த இரத்தம் மூளைக்குச் சென்று அடைத்து வாதம் வரவும் கூடும். முதியவர் உரைத்த சொல்லைக் கூட்டாமலும் குறையாமலும் மருத்துவரிடம் எடுத்துரைக்க, இந்தி நன்கறிந்த நம் இளைஞர் சிலர் முன்வருதல் வேண்டும். பகலில் ஓய்வுடைய மாணவர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். விரும்புவோர் தம் பெயரைச் செயலாளரிடம் இன்றே தரலாம்.

ஒன்று மட்டும் கூறி அமர்வோம். நெஞ்சு இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ, வாய் கோணினாலோ காணொளிக்காகக் காத்திராதீர்கள். 112 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.